ஆயில் கறுத்ததா என்று பார்ப்பதற்கு முன், குறைந்ததா என்று பாருங்கள்

பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும். டயரில் காற்று இறங்கினால் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் கைக்கே தெரிந்துவிடும். பிரேக் தேய்ந்தால் சத்தம் வரும். என்ஜின் ஆயில் குறைந்தால் மட்டும் வண்டி எதையும் காட்டிக்கொள்ளாது. வழக்கம்போல ஸ்டார்ட் ஆகும், வழக்கம்போல ஓடும். காரில் ஆயில் அழுத்தம் விழுந்தால் சிவப்பு விளக்கு எரியும். நம் சாலைகளில் அதிகம் ஓடுகிற 100, 110, 125 சிசி பைக்குகளில் பெரும்பாலானவற்றில் அந்த விளக்கே கிடையாது. சத்தம் மாறி, இழுவை குறைந்து, என்ஜின் சூடு காலில் உறைக்கிற கட்டம் வந்தால்தான் ஏதோ சரியில்லை என்று தெரியும். அதற்குள் சிலிண்டரில் கீறல் விழுந்திருக்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஏதாவது ஒர்க்ஷாப்பில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். புதிதாக வண்டி ஓட்டத் தொடங்கியவர் ஆயிலைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி நிறத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். "ஆயில் கறுத்துவிட்டதே, மாற்றலாமா?" நல்ல கேள்விதான். ஆனால் அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உள்ளே இருக்க வேண்டிய அளவு ஆயில் இருக்கிறதா? கறுத்த ஆயிலோடு ஓடுகிற வண்டி இன்னும் சில வாரம் ஓடும். போதிய ஆயில் இல்லாமல் ஓடுகிற வண்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால், மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

ஆயில் உள்ளே என்ன செய்கிறது?

மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பிஸ்டன் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சிலிண்டருக்குள் ஏறி இறங்குகிறது. இரும்பும் அலுமினியமும் அந்த வேகத்தில் நேரடியாக உரசினால் சில நிமிடங்களில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பாசி பிடித்த குளத்துப் படியில் கால் வழுக்குகிறதே, காலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் வந்துவிடுவதுதான் காரணம். என்ஜினுக்குள் அந்த வழுக்கலைத்தான் நாம் விலை கொடுத்து வாங்கி ஊற்றுகிறோம். தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒன்றையொன்று தொடவிடாமல் வைத்திருக்கிறது.

இன்னொரு வேலை, சூட்டைக் கடத்துவது. நம் ஊரில் ஓடும் சிறிய பைக்குகளில் பெரும்பாலானவை காற்றால் குளிர்கிற என்ஜின் கொண்டவை, ரேடியேட்டர் இல்லை. பிஸ்டனின் அடிப்பகுதியிலும் பேரிங்குகளிலும் பிறக்கிற சூட்டை ஆயில்தான் சுமந்து கீழே கொண்டுவந்து, என்ஜின் உடம்பு வழியாக வெளியே விடுகிறது. ஆயில் பாதியாகக் குறைந்தால், மிச்சமிருக்கிற பாதி இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். இன்னும் சூடாகும், இன்னும் நீர்த்துப்போகும், இன்னும் வேகமாக எரிந்து தீரும்.

மூன்றாவது, அழுக்கைச் சுமப்பது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் கரி, அமிலம், உலோகத் துகள் எல்லாவற்றையும் ஆயில் தன்னோடு கலந்து வைத்துக்கொள்கிறது. அதனால்தான் கறுக்கிறது. ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரில் ஆயில் நிறம் மாறினால், அது தன் வேலையைச் செய்கிறது என்றே பொருள். கறுப்பைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கார் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது. காரில் என்ஜினுக்குத் தனி ஆயில், கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில். கியர் உள்ள இன்றைய பைக்குகளில் அநேகமாக எல்லாவற்றிலும் என்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில்தான் நனைந்திருக்கின்றன. கியர் பற்களுக்கு நடுவே அந்த ஆயில் நசுங்குகிறது. கிளட்ச் பிளேட்டுகள் அதில் ஊறிக்கொண்டே சுழல்கின்றன. சிறிய பைக்குகளில் ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில் மூன்று இடத்து வேலையைப் பார்க்கிறது. காருக்கு மூன்று நான்கு லிட்டர் போகிறது. அதில் அரை லிட்டர் குறைந்தால் கார் தாங்கிக்கொள்ளும். 100 சிசி பைக்கில் அரை லிட்டர் குறைந்தால் பாதிக்கு மேல் போய்விட்டது.

எங்கே போகிறது இந்த ஆயில்?

கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை, பிறகு எப்படிக் குறைந்தது என்று பலரும் மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் என்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டி மேலே ஏறுகிற சிறு அளவு ஆயில், பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது. வால்வு சீல் வழியாகக் கொஞ்சம் இறங்குகிறது. சூட்டில் கொஞ்சம் ஆவியாகிறது. வண்டி பழசாக ஆக இது கூடும். என்ஜின் எவ்வளவு சுற்றுகிறதோ, எவ்வளவு சூடாகிறதோ, அவ்வளவுக்கு வேகமாகக் குறையும்.

நம் மாவட்டத்தில் இது கவனிக்க வேண்டிய விஷயம். கல்குளம், விளவங்கோடு பக்கத்தில் சமமான சாலை குறைவு. ஏற்றமும் இறக்கமுமாகவே போகும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் பின்னால் ஆள் வைத்துக்கொண்டு போகிறவர் பாதி வழியை இரண்டாவது, மூன்றாவது கியரில்தான் கழிக்கிறார். கிழக்கே ஆரல்வாய்மொழியில் வேறு கதை. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே பாய்கிற காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுற்றுகின்றன. அதே காற்று, வள்ளியூர் பக்கமிருந்து நாகர்கோவிலுக்குத் திரும்புகிற பைக்கை நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்கியும் வேகம் ஏறாது. ஓடோமீட்டரில் இருபது கிலோமீட்டர்தான் காட்டும்; என்ஜின் உழைத்தது அதைவிட மிக அதிகம். கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பி ஆயில் பார்க்காமல் இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எப்படிப் பார்ப்பது?

மாதம் இருமுறை பார்த்தால் போதும். தினமும் வெகுதூரம் ஓட்டுகிறவர், அல்லது பழைய வண்டி வைத்திருப்பவர், வாரம் ஒருமுறை பார்க்கலாம். ஒரு பழைய துணி போதும். வேறு கருவி வேண்டாம்.

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இதுதான் மிக முக்கியம். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்ந்திருக்கும்; ஆயிலும் அந்தப் பக்கம் ஓடிவிடும்; வலது பக்கத்தில் இருக்கும் குச்சியில் குறைவாகக் காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் அளவு மீறிவிடும். நம் ஊரில் பல வீட்டு முற்றங்கள் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகவே கட்டப்பட்டவை. போர்டிகோ தரை கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் சரிவாக இருக்கலாம். ஒரு இடத்தைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொரு முறையும் அங்கேயே பாருங்கள். அப்போதுதான் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஒப்பிட முடியும்.

என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். பிறகு இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். ஓடும்போது ஆயில் மேலே சிலிண்டர் ஹெட் வரை ஏறியிருக்கும். அது கீழே இறங்கிச் சேர நேரம் வேண்டும்.

ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் என்ஜினின் வலது பக்கக் கவரில் பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். கழற்றினால் அதோடு சேர்ந்து ஆயில் குச்சி வெளியே வரும். கழற்றும் முன்பு மூடியைச் சுற்றித் துடையுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. குளச்சல், முட்டம், ராஜாக்கமங்கலம் பக்கத்து வண்டிகளில் அந்த மூடியைச் சுற்றி எப்போதும் ஒரு வளையம் மணல் ஒட்டியிருக்கும். மூடியைத் திருகும்போது அது உள்ளே விழுந்தால், ஆயிலோடு கலந்து பேரிங்குக்குப் போகும். ரப்பர் தோட்டங்களுக்குள் போய்வருகிற வண்டிகளில் மணலுக்குப் பதில் செம்மண், தீங்கு ஒன்றுதான்.

குச்சியை வெளியே எடுத்துத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். முதல் தடவை எடுக்கும்போது தெரிவது அளவாகாது. குச்சி முழுவதும் ஆயில் தெறித்திருக்கும். துடைத்த குச்சியை மறுபடி துளையில் விடுங்கள். இங்கேதான் வண்டிக்கு வண்டி வேறுபாடு. ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் மூடியைத் திருகாமல், மரை மேல் அப்படியே உட்காரவைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். வேறு சில வண்டிகளில் முழுதாகத் திருகி எடுக்கச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே மரைப் பகுதியின் உயரம் அளவுக்கு வேறுபாடு வரும். அதுவே குச்சியில் கணிசமான அளவு. வண்டியோடு வந்த கையேட்டில் இந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

குச்சியின் நுனியில் இரண்டு கோடுகள் இருக்கும், சிலவற்றில் நடுவே கட்டம் போட்டிருக்கும். கீழ்க்கோடு குறைந்தபட்ச அளவு, மேல்கோடு அதிகபட்ச அளவு. ஆயில் ஈரம் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கீழ்க்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் அன்றே ஊற்றுங்கள். குச்சி நுனியே நனையவில்லை என்றால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் வாங்கி வந்து ஊற்றிய பிறகே சாவியைத் தொடுங்கள்.

பல்சர், புல்லட் போன்ற வண்டிகளில் குச்சிக்குப் பதிலாக என்ஜினின் அடிப்பக்கத்தில் சிறிய வட்டக் கண்ணாடி வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே மேல், கீழ் அளவுக் குறிகள் இருக்கும். வண்டி நேராக நிற்கும்போது ஆயில் மட்டம் அந்தக் குறிகளுக்கு நடுவே தெரிய வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டி என்றால் ஒருவர் ஏறி உட்கார்ந்து நேராகப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடி முழுவதும் கறுப்பாகத் தெரிந்தால் நிறைந்திருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். உள்பக்கம் அழுக்குப் படிந்திருந்தாலும் அப்படித்தான் தெரியும். வண்டியை மெல்ல ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். மட்டம் அசைந்தால் அது ஆயில்.

குறைவாக இருந்தால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் அதே வகை ஆயிலை ஐம்பது, நூறு மில்லியாக ஊற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி அளந்து பாருங்கள். ஒரே மூச்சில் ஊற்றிவிடாதீர்கள். அதிகமாகிவிட்டாலும் கேடுதான். பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டு ஆயிலுக்குள் முங்கிச் சுழன்று நுரை எழுப்பும்; நுரைத்த ஆயிலுக்குப் படலம் நிற்காது; உள் அழுத்தம் கூடி சீல் வழியாகக் கசியும், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் ஏறும். மேல்கோட்டைத் தாண்டிவிட்டால், ஆயிலை இறக்குவதற்காக என்ஜினின் அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் இறக்கத்தான் வேண்டும்.

அளவு சரி, இப்போது நிறம், வாசனை

அளவு பார்த்த பிறகு குச்சியில் ஒட்டியிருக்கிற ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். கறுப்பு சாதாரணம். பால் கலந்த காபி நிறத்தில் குழம்பாக இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் வாசனை தூக்கலாக அடித்து, ஆயில் தண்ணீர்போல ஓடி, மட்டமும் போன தடவையைவிட ஏறியிருந்தால், ஆயிலுக்குள் பெட்ரோல் இறங்குகிறது. ஆயில் தானாகக் கூடாது. ஊற்றாமலேயே மட்டம் உயர்ந்தால் வந்தது பெட்ரோலாகவோ தண்ணீராகவோதான் இருக்கும். இரண்டிலும் ஓட்டாமல் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோவதே நல்லது. வெயிலில் காட்டும்போது விரலில் வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால் உள்ளே ஏதோ ஒரு பாகம் தேய்கிறது. சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது: ரிங்கோ வால்வு சீலோ போயிருக்கும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இது நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஒரு மழைக்காலம்தான் பெரியது. நமக்குத் தென்மேற்கும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. வீட்டு முன்னால் நின்ற வண்டிகளின் என்ஜின் மேலேயே தண்ணீர் ஏறி நின்றது. அப்படி மூழ்கிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. சைலன்ஸர் வழியாகவும் ஏர் ஃபில்டர் வழியாகவும் உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் நசுக்க முயலும். தண்ணீர் நசுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். காபி நிறம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை முழுதாக இறக்கி, புது ஆயில் ஊற்றி, சில கிலோமீட்டர் ஓட்டியபின் அதையும் இறக்கி இன்னொரு முறை மாற்ற வேண்டும். செலவுதான், ஆனால் என்ஜின் வேலையோடு ஒப்பிட்டால் சிறிய செலவு.

வெள்ளமே வராமலும் ஆயிலில் தண்ணீர் சேரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. பெரும்பகுதி சைலன்ஸர் வழியே போய்விடும். ரிங்கைத் தாண்டி உள்ளே இறங்குகிற சிறு பகுதி, என்ஜின் நன்றாகச் சூடானால் ஆவியாகவே வெளியேறிவிடும். சூடாவதற்குள் வண்டியை அணைத்துவிட்டால் உள்ளேயே குளிர்ந்து நீராகிவிடும். விடியும் முன் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்துக்கு ரப்பர் பால்வெட்டப் போய்த் திரும்புகிறவரின் வண்டியில் இதுதான் நடக்கிறது. தக்கலைச் சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிற வண்டியிலும் இதேதான். குறைந்த தூரம் ஓடுகிற வண்டிக்கு ஆயில் அதிக நாள் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. இப்படிப்பட்ட வண்டியை வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் தொடர்ந்து நல்ல சாலையில் ஓட்டுங்கள். உள்ளே சேர்ந்த ஈரம் போய்விடும்.

மீன் விற்பவர்களின் வண்டிக்கு இன்னொரு எச்சரிக்கை. பின்னால் கட்டிய பெட்டியிலிருந்து ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் என்ஜின் மேல் வடிந்துகொண்டே இருக்கும். டிரெயின் போல்ட்டின் தலை துருப்பிடித்து உருண்டுவிடும். ஆயில் மாற்றப்போகும்போது ஸ்பேனர் பிடிக்காது. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவே செதிலும் உப்பும் அடைத்து, காற்றுப் படாமல் ஆயில் மேலும் சூடாகும். வியாபாரம் முடிந்து வந்ததும், என்ஜின் ஆறியபிறகு, நல்ல தண்ணீர் ஒரு குடம் ஊற்றிக் கழுவிவிட்டால் போதும்.

எந்த ஆயில்?

கடைக்காரர் சொல்வதைவிட வண்டிக் கையேடு சொல்வதைக் கேளுங்கள். ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30, இன்றைய புல்லட்டுக்கு 15டபிள்யூ-50 என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். டபிள்யூ எழுத்துக்கு முன் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் இருக்கும் எண் 100 டிகிரிச் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கிறது. நம் ஊரில் வெயில் அதிகம், ஆகவே எல்லா வண்டிக்கும் கெட்டியான ஆயில் ஊற்றலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் இதை ஏற்பதில்லை. ஆயில் பம்ப்பும், ஆயில் ஓடுகிற நுண்துளைகளும், பாகங்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியும் ஒரு குறிப்பிட்ட கெட்டித்தன்மையை மனதில் வைத்து அளந்தவை. 10டபிள்யூ-30க்கு வடிவமைத்த என்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏற நேரமெடுக்கும்; தேய்மானம் அதிகம் நடப்பதும் அந்த முதல் சில நொடிகளில்தான்.

இன்னொரு குறியையும் பாட்டிலின் பின்பக்கத்தில் தேடுங்கள்: ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2. ஜப்பானிய வாகனத் தரநிலை அமைப்பு கொடுக்கும் தரக்குறி இது. கிளட்ச் ஆயிலில் நனைந்திருக்கும் பைக்குக்கு இந்தக் குறி உள்ள ஆயில்தான் வேண்டும். வீட்டில் காருக்கு வாங்கிய ஆயில் மிச்சமிருக்கிறது என்று பைக்கில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் ஆயில் பலவற்றில் உராய்வை மேலும் குறைக்கிற கலவை சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச் பிளேட்டுகளை வழுக்கவைத்துவிடும். சமதரையில் தெரியாது. திற்பரப்பு ஏற்றத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் என்ஜின் அலறும், வண்டி நகராது. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு ஆயிலில் நனையும் கிளட்ச் இல்லை. அதனால் அதற்கு எம்பி என்ற குறியுள்ள ஆயில் வரும். அதைப் பைக்குக்கு ஊற்றக் கூடாது. ஸ்கூட்டரில் பின்சக்கரப் பக்கத்துக் கியருக்கு வேறு ஆயில் தனியாக உண்டு. சர்வீஸில் அதை மறந்துவிடாமல் கேளுங்கள்.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டும், ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியும் வேறு இனம். அந்தப் புல்லட்டில் கியர்பாக்ஸ் தனி. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்தே போகும். கியர்பாக்ஸ் ஆயில் வேறு. மேலே சொன்னவற்றை அவற்றுக்கு அப்படியே பொருத்த வேண்டாம்.

எப்போது மாற்றுவது?

புது வண்டியில் முதல் ஆயிலைச் சீக்கிரமே, 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வருகிற முதல் சர்வீஸில் மாற்றிவிடுவார்கள். புதுப் பாகங்கள் உரசி உதிர்க்கும் துகள்கள் அதோடு போய்விட வேண்டும். அதன்பிறகு வண்டியைப் பொறுத்து 3000, 6000, சில புதிய வண்டிகளில் 10,000 கிலோமீட்டர் என்று கையேட்டில் இருக்கும். அந்த எண்ணோடு "அல்லது இத்தனை மாதம்" என்றும் எழுதியிருக்கும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. மேலே சொன்ன குறுகிய தூர ஓட்டம், ஏற்றப் பாதை, சுமை, மழை எல்லாம் உங்கள் வண்டிக்கு உண்டென்றால் கொஞ்சம் முன்னதாகவே மாற்றிவிடுங்கள். இடையில் குறைந்த அளவை மட்டும் ஊற்றி டாப்பப் செய்தால் மாற்ற வேண்டிய தேதி தள்ளிப்போகாது. பழைய அழுக்கு உள்ளேயேதான் இருக்கிறது.

நீங்களே மாற்ற விரும்பினால், என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும், முற்றிலும் ஆறிய ஆயில் அழுக்கை உள்ளேயே விட்டுவிட்டு வரும். கீழே உள்ள டிரெயின் போல்ட்டுக்குச் சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனர் போடுங்கள். முழுதாக வடிய பத்து நிமிடம் விடுங்கள். போல்ட்டில் இருக்கும் வாஷரைப் புதிதாக மாற்றுங்கள். சில ரூபாய்ப் பொருள், ஒழுக்கைத் தடுப்பது அதுதான். திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள், பிறகு ஸ்பேனரால் அளவாக இறுக்குங்கள். என்ஜின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. முழுப் பலத்தையும் காட்டினால் மரை உரிந்துவிடும்; அதைச் சரிசெய்ய லேத்துக்குத்தான் போக வேண்டும். ஃபில்டர் இருக்கும் வண்டியில் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஸ்ப்ளெண்டர் போன்றவற்றில் காகித ஃபில்டர் இல்லை. வலைச் சல்லடையும், சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் வட்டும் இருக்கும். அவற்றைக் குறித்த காலத்தில் மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழுவ வேண்டும்.

பாட்டிலில் இருப்பதை எல்லாம் ஊற்றிவிடாதீர்கள். 900 மில்லி, ஒரு லிட்டர் என்பது விற்பதற்கான அளவு. உங்கள் என்ஜினுக்கு வேண்டிய அளவு கையேட்டில் இருக்கும். கொஞ்சம் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து அணைத்து, அளந்து, மிச்சத்தை ஊற்றுங்கள். பின் டயரிலோ பிரேக் டிஸ்கிலோ ஒரு சொட்டு சிந்தியிருந்தாலும் துடைத்துவிட்டே எழுந்திருங்கள்.

வெளிநாட்டுக்குப் போகிறவரின் வண்டி

நம் மாவட்டத்தில் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர் இல்லாத தெரு குறைவு. அவர்கள் வாங்கிவைத்த வண்டி வீட்டில் தார்ப்பாய் மூடி நிற்கும். இரண்டு வருடம் கழித்து லீவில் வந்ததும் பேட்டரி மாற்றி, பெட்ரோல் ஊற்றி, அன்றைக்கே கன்னியாகுமரி வரை போய்வருவார்கள். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ஆயில் எதற்கு மாற்ற வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நிற்கிற வண்டியிலும் ஆயில் கெடும். பழைய ஆயிலில் கலந்திருக்கும் அமிலமும் ஈரமும் அத்தனை மாதமும் பேரிங்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

போகும் முன்பு பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டி, பிறகு மூடிவையுங்கள். வந்ததும் அளவு பார்த்து, குச்சியில் ஈரத்தின் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து, வருடம் தாண்டியிருந்தால் மறுபடி மாற்றிவிட்டு ஓட்டுங்கள். "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடு" என்று அப்பாவிடமோ தம்பியிடமோ சொல்லிவிட்டுப் போகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் என்ஜின் சூடேறாது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்தான் உள்ளே சேரும். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் வெளியே எடுத்து அரை மணி நேரம் ஓட்டிக் கொடுத்தால் பயன் உண்டு. இல்லையென்றால் அமைதியாக நிற்கட்டும்.

இறக்கிய பழைய ஆயில் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுப் பின்னால் தென்னை மூட்டிலோ, வாய்க்கால் ஓரத்திலோ ஊற்றுவது இன்னும் நடக்கிறது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிற, குளத்தில் குளிக்கிற ஊர்கள் நம்முடையவை. சட்டப்படியும் பயன்படுத்திய ஆயில் ஆபத்தான கழிவு. 2016 ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளில் அது இடம்பெற்றிருக்கிறது. வாங்கிவந்த பாட்டிலிலேயே திரும்ப ஊற்றி மூடி, நீங்கள் வழக்கமாகப் போகும் ஒர்க்ஷாப்பில் கழிவு ஆயில் சேர்க்கும் டிரம்மில் கொட்டிவிடுங்கள். அந்தக் காலிப் பாட்டிலைப் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையில் போடும் முன் லேபிளைக் கிழித்து, கத்தியால் ஒரு துளை போட்டுவிடுங்கள். அதில் மறுபடி யாரும் போலி ஆயில் நிரப்பி விற்க முடியாது.